தாத்தா வீட்டு ஜிக்சா பெட்டியைத் திறப்பதற்கு முன்: ஒரு முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரின் ஈசூனில் அப்பா இருந்த வீட்டைக் காலி செய்தபோது, பொருள் அறையின் அடித்தட்டில், பழுதான மாவரைக்கும் கிரைண்டருக்குப் பின்னால் மூன்று பெட்டிகள் அகப்பட்டன. ஒன்றில் ஆற்றங்கரையும் படகுகளும் தெரியும் இங்கிலாந்துக் கிராமத்து ஜிக்சா, அதாவது வெட்டிய துண்டுகளைச் சேர்த்துப் படமாக அடுக்கும் புதிர். இன்னொன்றில் மரத்தில் அறுத்த இந்திய வரைபடம். மூன்றாவது ஒரு பிஸ்கட் தகரம். அதற்குள் எந்தப் படத்தைச் சேர்ந்தவை என்றே தெரியாத உதிரித் துண்டுகள். "பாதி தொலைந்திருக்கும், எறிந்துவிடு" என்றார் சித்தப்பா. சிங்கப்பூரில் வீடு மாறும்போது இப்படித்தான் பல பெட்டிகள் புளோக்கின் கீழே போய்ச் சேர்கின்றன.

நான் எறியவில்லை. அடுத்த எட்டு மாதங்களில் தவறுகள் செய்து கற்றுக்கொண்டதை எல்லாம் இங்கே வரிசையாக எழுதுகிறேன். வரிசை முக்கியம். ஆசையில் பெட்டியைத் திறந்து துண்டுகளை மேசையில் கொட்டி உடனே அடுக்க உட்கார்ந்தால், திரும்பக் கிடைக்காத சில விஷயங்கள் அந்த முதல் அரை மணி நேரத்திலேயே போய்விடும். வீட்டுப் பெரியவர்கள் கையாண்ட ஜிக்சாவை வீட்டுப் பத்திரம்போல் நடத்த வேண்டும் என்பதே என் கட்சி. அவர்கள் எண்ணிப் பார்த்தது, குறித்து வைத்தது, தொலைத்தது, தொலைந்ததற்கு மாற்றாகச் செய்து வைத்தது எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கின்றன.

திறக்கும் முன் படம் எடுங்கள்

பெட்டியைக் குலுக்காதீர்கள். துணியால் துடைக்காதீர்கள். பெட்டியின் ஆறு பக்கங்களையும் கைப்பேசியில் படம் எடுங்கள். பிறகு திறந்து, துண்டுகள் கிடக்கும் நிலையிலேயே இன்னொரு படம். மூடியின் உட்புறத்தையும் பெட்டியின் அடியையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள். பென்சில் எழுத்து நேர்வெளிச்சத்தில் தெரியாது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் எழும்பி வரும்.

எங்கள் ஆற்றங்கரைப் பெட்டியின் மூடிக்குள் தாத்தாவின் கையெழுத்தில் ஐந்து தேதிகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரில் "முடிந்தது" என்று ஒரு சொல். கடைசித் தேதிக்கு எதிரில் மட்டும் "1 இல்லை". ஈரத்துணியால் ஒரு முறை துடைத்திருந்தால் அது போயிருக்கும்.

துண்டுகளின் பின்பக்கத்தையும் விடாதீர்கள். ஒரே வீட்டில் இரண்டு மூன்று ஜிக்சா இருந்தால், கலந்துவிட்டால் பிரிப்பதற்காகப் பெரியவர்கள் பின்னால் புள்ளியோ கோடோ போட்டு வைத்திருப்பார்கள். உதிரித் துண்டுகளைப் பிரிக்கும்போது அந்தக் குறிகள்தான் கைகொடுக்கும்.

பூச்சி, பூஞ்சணம், ஈரம்

இந்த ஊரில் ஜிக்சாவைக் கெடுப்பது காலத்தைவிட ஈரம்தான். சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல்; விடியற்காலையில் 90ஐத் தாண்டும். ஏறக்குறைய 65 விழுக்காட்டுக்கு மேல் காற்றில் ஈரம் நிலைத்து நின்றால் அட்டையில் பூஞ்சணம் வளரத் தொடங்கும். அட்டையும் அதைச் சேர்த்து ஒட்டிய பசையும் பூஞ்சணத்துக்கு நல்ல தீனி. நாம் பாம் ஷெல்டர் என்று அழைக்கும் காப்பறை புதிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பொருள் அறையாகவே பயன்படுகிறது. கனமான கதவு, காற்று புகாத சுவர். பழைய காகிதத்தை அங்கே வைப்பது நல்லதல்ல.

பெட்டியை வீட்டின் மற்றப் புத்தகங்களோடு சேர்க்காமல் முதலில் பெரிய ஜிப் பையில் போட்டு மூடுங்கள். ஒரு வாரம் பார்த்திருங்கள். பையின் அடியில் பொடிப்பொடியாக ஏதாவது விழுகிறதா, வெள்ளி நிறத்தில் நெளிந்தோடும் இராமபாணப் பூச்சி தென்படுகிறதா, படத்தின் மேற்காகிதம் சுரண்டியதுபோல் மெலிந்திருக்கிறதா என்று கவனியுங்கள்.

பூச்சி இருந்தால் மருந்து அடிக்க வேண்டாம். அட்டைத் துண்டுகளை ஜிப் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, அதை இன்னொரு பைக்குள் வைத்து, வீட்டு உறைபெட்டியில் இரண்டு வாரம் விடுங்கள். மைனஸ் 18 டிகிரி வேண்டும். வெளியே எடுத்ததும் பையைத் திறந்துவிடாதீர்கள். ஒரு முழு நாள் மூடியபடியே அறையில் இருக்கட்டும். இல்லாவிட்டால் வெளிக்காற்றின் ஈரம் முழுவதும் குளிர்ந்த அட்டையின் மேல் வியர்த்து இறங்கும். மரத்துண்டுகளை உறைபெட்டியில் வைக்க வேண்டாம் என்பது என் எண்ணம். மேலே பூசிய வார்னிஷ் வெடிக்கக்கூடும்.

பாச்சை உருண்டையும் வேண்டாம். வாடை அட்டையில் ஏறினால் பல ஆண்டுகளுக்குப் போகாது. அதைவிட, இரத்தச் சிவப்பணுக்களைப் பாதிக்கும் ஜி6பிடி குறைபாடு உள்ள குழந்தைகள் அந்த உருண்டையை நெருங்கவே கூடாது என்று இங்கே பிள்ளை பெற்ற எல்லாருக்கும் தெரியும். பேரப்பிள்ளைகள் தொடப்போகும் பொருளில் அதைப் போடுவானேன்? சாம்பிராணிப் புகையும் அப்படித்தான். மணம் நல்லதுதான், ஆனால் புகையின் பிசுக்கு படத்தின் மேல் படியும்.

காயவைப்பது

வெயிலில் வைக்காதீர்கள். இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். பிஸ்கட் தகரத்தின் துண்டுகளைச் செய்தித்தாளில் பரப்பி, வீட்டு வாசலில் காலை வெயிலில் இரண்டு மணி நேரம் வைத்தேன். திரும்பி வந்து பார்த்தபோது துண்டுகள் அப்பளம்போல் வளைந்திருந்தன. அட்டையின் ஒரு பக்கம் வேகமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் காய்ந்தால் அப்படித்தான் வளையும். வெயில் அச்சு நிறத்தையும் வெளுக்க வைக்கும். சிவப்பும் மஞ்சளும் முதலில் போகும்.

சரியான வழி மெதுவான வழி. பெரிய தட்டில் வெள்ளைத் துணி விரித்து, துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்று படாமல் பரப்புங்கள். குளிரூட்டி ஓடும் படுக்கையறை உத்தமம். இரவு முழுதும் ஓடும் அறையில் ஈரப்பதம் தானாகவே இறங்கும். மின்விசிறியின் நேர்க்காற்று வேண்டாம், மெல்லிய துண்டுகள் பறந்து கட்டிலுக்கடியில் போய்விடும். சில வெள்ளிக்கு (டாலருக்கு) கிடைக்கும் ஈரப்பத மானி ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். 50க்கும் 55க்கும் இடையில் நிற்கும்படி மூன்று நான்கு நாள் இருந்தால் போதும். டிசம்பர், ஜனவரி மழைக்காலத்தில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். கேமரா வைக்கும் உலர் அலமாரி உறவினர் யாரிடமாவது இருந்தால் ஒரு வாரம் இரவல் கேளுங்கள். அதைப்போன்ற இடம் வேறில்லை.

அலமாரியில் தொங்கவிடும், தண்ணீர் சேரும் வகை ஈர உறிஞ்சிகள் நம் வீடுகளில் எல்லாம் உண்டு. அலமாரிக்கு அவை நல்லவை. ஜிக்சா பெட்டிக்குள்ளோ அதன் மேலோ வைத்துவிடாதீர்கள். சேர்ந்த நீர் ஒரு முறை கவிழ்ந்தால் மொத்தமும் போயிற்று.

முழுதாகக் காய்ந்த பிறகே தூசு தட்ட வேண்டும். ஈரப் பூஞ்சணத்தைத் தேய்த்தால் அது அட்டைக்குள் இறங்கிக் கறையாகிவிடும். காய்ந்தது பொடியாக உதிரும். முகக்கவசம் அணிந்து, காற்றோட்டமான இடத்தில், மென்மையான தூரிகையால் ஒரே திசையில் தள்ளுங்கள். பவுடர் பூசும் தூரிகை போதும், ஆனால் புதியதாக இருக்கட்டும். மூச்சிழுப்பு உள்ளவர்கள் இந்த வேலையில் இறங்க வேண்டாம். தண்ணீர், ஈரத்துணி, கிருமிநாசினி மூன்றும் அட்டைக்கு ஆகாதவை. பின்பக்க அழுக்கை வெள்ளை ரப்பரால் லேசாக எடுக்கலாம், அங்கே எழுத்து இல்லை என்று பார்த்த பிறகு.

எந்தக் காலத்துப் பெட்டி?

வீட்டில் "உன் தாத்தா சின்ன வயதில் வாங்கியது" என்று சொல்வார்கள். பெட்டியே சில நேரம் வேறு சொல்லும். அதைக் கேட்கக் கற்றுக்கொள்வது இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி.

ஜிக்சாவின் தொடக்கமே வரைபடம்தான். 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற செதுக்குக் கலைஞர் வரைபடங்களை மரப்பலகையில் ஒட்டி, நாட்டு எல்லைகளின் வழியே அறுத்து, பிள்ளைகளுக்குப் பூகோளம் கற்பிக்க விற்றார். அறுக்கும் வாளின் பெயர் புதிருக்கு ஒட்டிக்கொண்டது அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் பிறகு. அட்டையில் அச்சால் வெட்டிய மலிவான புதிர்கள் 1930களில் பெருகின. ஆகையால் மரத்துண்டு என்றாலே மிகப் பழையது என்று முடிவுகட்ட வேண்டாம். இங்கிலாந்தின் போர்ன்மத் நகரில் செய்யப்பட்ட 'விக்டரி' மரப் புதிர்கள் போருக்குப் பிறகும் நெடுநாள் வந்துகொண்டிருந்தன.

வரைபடப் புதிர் என்றால் ஊர்ப்பெயர்களைப் படியுங்கள். எங்கள் மர வரைபடத்தில் தெற்கே "மெட்ராஸ்" என்று இருந்தது. மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு ஆனது 1969 ஜனவரியில். கீழே தீவு "சிலோன்" என்றிருந்தது; இலங்கை அந்தப் பெயரை விட்டது 1972இல். கிழக்குப் பாகிஸ்தான் என்றொரு துண்டு இருந்தால் அது 1947க்கும் 1971க்கும் இடைப்பட்ட உலகம். அந்தத் துண்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபோது, பள்ளிப்பாடத்தில் வராத கனம் ஒன்று தெரிந்தது.

விலைச்சீட்டைப் பாருங்கள். ஷில்லிங் கணக்கில் விலை அச்சிட்டிருந்தால் அது பிரிட்டன் தசம நாணயத்துக்கு மாறிய 1971 பிப்ரவரிக்கு முந்தியது. "மேற்கு ஜெர்மனியில் தயாரிக்கப்பட்டது" என்றால் 1949க்கும் 1990க்கும் இடையில். பட்டைக்குறியீடு இருந்தால் 1970களின் நடுப்பகுதிக்குப் பிறகு; உலகில் முதன்முதலாக ஒரு கடையில் அது வருடப்பட்டதே 1974இல்தான்.

உள்ளூர்க் கடை ஒட்டிய சீட்டு இருந்தால் இன்னும் நல்லது. முகவரியில் நான்கு இலக்க அஞ்சல் எண் என்றால் 1979க்கும் 1995க்கும் இடையில் ஒட்டியது. ஆறு இலக்கம் என்றால் அதற்குப் பின். தொலைபேசி எண் எட்டு இலக்கமாகி 6இல் தொடங்கினால் 2002க்குப் பிறகு. கடையின் பெயர் தெரிந்துவிட்டதா? தேசிய நூலக வாரியத்தின் இணையச் செய்தித்தாள் தொகுப்பில் தேடுங்கள். தமிழ் முரசின் பழைய இதழ்களும் அதில் இருக்கின்றன. எந்தத் தெருவில் கடை இருந்தது, என்ன விளம்பரம் செய்தது என்று தெரிந்தால் பெரியவர்களிடம் பேச்செடுக்க அது ஒரு நூலிழை.

எங்கள் ஆற்றங்கரைப் பெட்டியில் கடைச்சீட்டே இல்லை, ஷில்லிங் விலை மட்டும் இருந்தது. காரணம் பிறகு தெரிந்தது. தாத்தா செம்பவாங் கடற்படைத் தளத்தின் கிடங்கில் வேலை செய்தவர். கப்பல் பட்டறை 1968 டிசம்பரில் சிங்கப்பூர் அரசின் கைக்கு வந்தது. பிரிட்டிஷ் படைகள் 1971 இறுதியில் கிளம்பின. தளத்து அதிகாரிகள் குடியிருந்த கறுப்பு வெள்ளை பங்களாக்களைக் காலி செய்த குடும்பங்கள் கொண்டுபோக முடியாததை எல்லாம் வேலை செய்தவர்களிடம் கொடுத்துவிட்டுப் போயின. யாரோ ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை அடுக்கிய ஆறு, எங்கள் வீட்டுக்கு வந்தது அப்படித்தான்.

எண்ணுவது: பெட்டி சொல்லும் எண்ணை நம்பாதீர்கள்

பத்துப் பத்தாகக் குவித்து எண்ணுங்கள். பெட்டியில் 500 என்று போட்டிருந்தாலும் உள்ளே 500 இருக்க வேண்டிய கட்டாயமில்லை. பல பழைய ஜிக்சாக்கள் 27 வரிசை, 19 வரிசையாக வெட்டப்பட்டவை: 513 துண்டுகள். 1000 என்று போட்டவற்றில் 38க்கு 27, அதாவது 1026 இருப்பதும் சகஜம். ஆகவே எண்ணிக்கை 500 வந்தால் "முழுசாக இருக்கிறது" என்று மகிழவும் முடியாது, 505 வந்தால் "வேறெதுவோ கலந்திருக்கிறது" என்று பொறுக்கி எடுக்கவும் கூடாது.

முதலில் ஓரத்துண்டுகளை மட்டும் பிரித்து எண்ணுங்கள். 27க்கு 19 என்றால் ஓரத்தில் 88 வரும். 25க்கு 20 என்றால் 86. ஆயிரத்தில் ஒரு கண்ணி உண்டு: 38க்கு 27 வெட்டினாலும், 40க்கு 25 வெட்டினாலும் ஓரத்துண்டு 126தான்! அதனால் ஓரத்தை அடுக்கி முடித்து, நீளப் பக்கத்தில் எத்தனை, குறுகிய பக்கத்தில் எத்தனை என்று எண்ணிப் பெருக்கினால்தான் உண்மையான கணக்கு கிடைக்கும். வளைந்து நெளிந்து வெட்டிய மரப் புதிர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது; அங்கே அடுக்கிப் பார்ப்பதே வழி.

எங்களுடையதில் ஓரம் 88, 27க்கு 19, ஆக 513 வேண்டும். கையில் 509. நான்கு குறைகிறது.

பல புதிர்கள் கலந்திருந்தால் படத்தைப் பார்த்துப் பிரிக்காதீர்கள். எல்லாப் படத்திலும் நீல வானம் இருக்கும். கவிழ்த்துப் போட்டு, பின்பக்க அட்டையின் நிறத்தைப் பாருங்கள்: சாம்பல், பழுப்பு, நீலம் என்று தனித்தனியாக நிற்கும். அதன் பிறகு தடிமன், அதன் பிறகு வெட்டின் சாயல். விரல் நுனியால் தொட்டாலே தடிமன் வேறுபாடு தெரியும், கண்ணைவிட விரல் நம்பகமானது. இந்த முறையில் பிஸ்கட் தகரத்தின் முந்நூற்றுச் சொச்சம் துண்டுகளை ஒரே மாலையில் மூன்று குவியலாக்கினேன். ஆற்றங்கரையின் துண்டு ஒன்று அதில் கிடைத்தது. இன்னொன்று மூடியின் ஓர மடிப்புக்குள் சொருகிக் கிடந்தது. பெட்டியின் மூலை மடிப்புகளை மெல்லிய அட்டையால் துழாவிப் பார்க்காமல் எதையும் "தொலைந்தது" என்று எழுதாதீர்கள்.

பெரியவரோடு உட்கார்ந்து அடுக்குவது

மேற்சொன்னதெல்லாம் ஆயத்தம். வேலை இதுதான்.

ஜிக்சாவை அடுக்கிய பெரியவர்களில் யாராவது இருக்கிறார்களா? அவர்களைக் கூப்பிடாமல் முதல் துண்டை வைக்காதீர்கள். அவர்களுக்கு ஏற்ற இடத்தை முதலில் அமையுங்கள். தரையில் பாய் விரித்து அடுக்கியவர்களால் இன்று தரையில் உட்கார முடியாது. மேசை, கை வைத்த நாற்காலி, இடப்பக்கமிருந்து விழும் விளக்கு. மேலே குழல்விளக்கு மட்டும் இருந்தால் பளபளப்பான துண்டுகள் கண்ணைக் கூசும், கண்புரை உள்ளவர்களுக்கு இன்னும் மோசம். மேசை மேல் கரும்பச்சை அல்லது சாம்பல் நிறத் துணி விரித்தால் துண்டின் விளிம்பு தெளிவாகத் தெரியும். சாப்பாட்டு நேரத்துக்கு மேசை வேண்டுமே என்றால், கனமான அட்டைப் பலகை ஒன்றில் அடுக்கி அப்படியே கட்டிலுக்கடியில் தள்ளிவிடலாம். கோப்பி மட்டும் அந்த மேசைக்கு வரக்கூடாது. தனி முக்காலியில் வையுங்கள்.

அப்பாயிக்கு, அதாவது அப்பாவின் அம்மாவுக்கு, வயது 86. ஆங்கிலம் ஒரு எழுத்து தெரியாது. மூடியில் இருந்த படத்தைக் காட்டப்போனேன், தள்ளிவிட்டார். வானத்துத் துண்டுகளை மட்டும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நான் நிறத்தைப் பார்த்துத் தடுமாறிக்கொண்டிருந்தபோது அவர் ஒவ்வொரு துண்டின் வடிவத்தையும் பெருவிரலால் வருடினார். எங்கள் வீட்டில் துண்டின் நீட்டலுக்கு மூக்கு, குழிவுக்குக் காது என்று பெயர் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். "இரண்டு மூக்கு, ஒரு காது, ஒரு பக்கம் சப்பை" என்று முணுமுணுத்தபடி எடுத்து வைப்பார், பொருந்தும். உங்கள் வீட்டிலும் இப்படிச் சொற்கள் இருந்திருக்கும். கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், அவை வேறெங்கும் கிடைக்காது.

கைப்பேசியில் ஒலிப்பதிவைத் தொடங்கிக் குப்புற வைத்துவிடுங்கள். பதிவு செய்கிறேன் என்று முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் வாங்குங்கள், பிறகு அதை மறந்துவிடுங்கள். நேருக்கு நேர் "அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால் பேச்சு வராது. கைக்கு வேலை இருக்கும்போது தானாக வரும். நினைவு மங்கிய பெரியவர்களிடம் "இது நினைவிருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். இல்லை என்று சொல்ல நேர்வது அவர்களுக்கு வேதனை. துண்டைக் கையில் கொடுத்து, "இது எங்கே போகும் என்று பார்க்கிறேன், கிடைக்கவில்லை" என்று சொன்னால் போதும். 500 துண்டு அதிகம் என்றால், ஒரு படகை மட்டும் பிரித்து, முப்பது துண்டுகளைத் தட்டில் வைத்துக் கொடுங்கள். ஒரு அமர்வு நாற்பது நிமிடம். அதற்கு மேல் இழுக்க வேண்டாம்.

அன்று நடந்த ஒன்றைச் சொல்கிறேன். வானத்தின் நடுவில் ஒரு துண்டு மற்றவற்றைவிடச் சற்றுத் தடித்து, நீலம் கொஞ்சம் அடர்த்தியாக இருந்தது. கூர்ந்து பார்த்தால் பேனா மையால் தீட்டியது. திருப்பினேன். பின்னால் அச்செழுத்தில் "வெள்" என்று இருந்தது. நாள்காட்டியின் அட்டையில் வெட்டியிருக்கிறார் தாத்தா. வெள்ளிக்கிழமையின் வெள்ளியோ, விலை போட்ட வெள்ளியோ, மீதி எழுத்துகள் கத்தரியோடு போய்விட்டன. மூடியில் "1 இல்லை" என்று எழுதியவர் சும்மா இருக்கவில்லை. அப்பாயி அதை வாங்கிப் பார்த்து, "மூன்று நாள் இதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்" என்றார்.

பழுது பார்ப்பது

ஒரே விதி: பிறகு வருபவர் நினைத்தால் பிரித்தெடுக்கும்படி செய்யுங்கள். செலோடேப் வேண்டாம், சில ஆண்டுகளில் பசை மஞ்சளாகி அட்டைக்குள் ஊறும். உடனே ஒட்டும் பசையும் வேண்டாம், இறுகினால் கல்.

படத்தாள் மட்டும் உரிந்து நிற்கும் துண்டுக்கு, அமிலமற்ற வெள்ளைப் பசையைப் பல்குச்சி நுனியில் தொட்டு, உரிந்த தாளுக்கடியில் தடவி, இரண்டு பக்கமும் கேக் சுடும் மெழுகுத்தாள் வைத்து, மேலே கனமான புத்தகம் ஏற்றி ஓர் இரவு விடுங்கள். வழிந்த பசையை அப்போதே ஒற்றி எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்த மூக்கு எந்தக் காதிலும் நுழையாது. மைதாப் பசை பழங்காலத்து நல்ல பசைதான், ஆனால் இந்த ஈரத்தில் அது இராமபாணப் பூச்சிக்கு விருந்து. வளைந்த துண்டுகளைக் காய்ந்த நிலையிலேயே புத்தகத்துக்கடியில் இரண்டு வாரம் வைத்தால் பெரும்பாலும் நேராகும். வெயிலில் நான் கெடுத்தவற்றில் பாதிக்கு மேல் அப்படித் தேறின.

கிழிந்த பெட்டி மூலைக்கு உட்புறமாக மெல்லிய ஜப்பானியத் தாள் ஒட்டுங்கள். பிராஸ் பாசாவில் ஓவியப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். வெளியே ஒட்டினால் படமும் எழுத்தும் மறைந்துவிடும்.

இல்லாத துண்டு

புதிதாகச் செய்வதற்கு முன் குடும்பம் முழுவதையும் கேளுங்கள். இதை வலியுறுத்தியே சொல்கிறேன்.

எங்களுக்கு இரண்டு துண்டுகள் குறைந்தன. வானத்தில் ஒன்று, சிவப்புப் படகின் முனையில் ஒன்று. படகுத் துண்டுக்கு நான் அட்டை வெட்ட உட்கார்ந்தபோது அப்பாயி, "அதை ஏன் ஐயா வெட்டுகிறாய்? உன் அத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்" என்றார், மிகச் சாதாரணமாக. 1978இல் கல்யாணமாகி மலேசியாவின் ஈப்போவுக்குப் போனபோது எடுத்துச் சென்றாராம். அத்தைக்குத் தொலைபேசியில் பேசினேன். ஒரு நிமிடம் பேச்சில்லை. நகைப்பெட்டியில் இருக்கிறது என்றார். அனுப்பி வைக்கட்டுமா என்று அவர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இருபுறமும் படமெடுத்து அனுப்பினார்.

உண்மையிலேயே தொலைந்த துண்டைச் செய்யும் முறை இது. சுற்றியுள்ள துண்டுகளை இறுக்கமாக அடுக்கி, காலியிடத்தின் மேல் மெல்லிய தாள் வைத்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேயுங்கள், விளிம்பு பதியும். தானியப் பெட்டி அட்டையை இரண்டு மூன்று அடுக்காக ஒட்டி, அதே தடிமன் வரும்வரை சரிபார்த்து, தாளின் கோட்டுக்குச் சற்று வெளியே கத்தியால் வெட்டுங்கள். பிறகு நகத்துக்குத் தேய்க்கும் அரத்தால் சிறிது சிறிதாகத் தேய்த்து நுழைத்துப் பாருங்கள். அதிகம் வெட்டினால் ஒட்ட முடியாது. மூடியில் முழுப்படம் இருந்தால் அந்தப் பகுதியைப் படமெடுத்து அளவுக்கு அச்சிட்டு ஒட்டலாம். எனக்கு நீர்வண்ணத்தில் கையால் தீட்டுவதே பிடிக்கும். பின்னால் பென்சிலில் பெயரின் முதலெழுத்தும் ஆண்டும் எழுதுங்கள். முன்னோர் செய்து வைத்த மாற்றுத் துண்டு எவ்வளவு கோணலாக இருந்தாலும் அதை எடுத்துவிட்டு அழகானதை வைக்காதீர்கள்.

வைத்துக்கொள்வது

முடித்த ஜிக்சாவைப் பசை பூசிச் சட்டம் போட்டு மாட்டலாமா என்று கேட்பார்கள். புதிதாக வாங்கியதற்குச் செய்யுங்கள். பாட்டன் பூட்டன் கைபட்டதற்கு வேண்டாம். பசை பூசினால் அது அன்றோடு படமாகிவிடும், பின்பக்க எழுத்துகளும் மூடிப்போகும். நேர் மேலிருந்து நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து அதை மாட்டுங்கள்.

துண்டுகள் ஜிப் பையில், பையோடு ஈரம் உறிஞ்சி நிறம் மாறும் சிலிகா ஜெல் பொட்டலம், பை பழைய பெட்டிக்குள், பெட்டி இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டிக்குள். தரையில் வேண்டாம், குளியலறைச் சுவரை ஒட்டி வேண்டாம், காப்பறையிலும் வேண்டாம். படுக்கையறை அலமாரியின் நடுத்தட்டு நல்ல இடம். பொங்கலுக்கு ஒரு முறை, தீபாவளிச் சுத்தத்தின்போது ஒரு முறை திறந்து பார்த்து, ஜெல் நிறம் மாறியிருந்தால் மாற்றுங்கள். அண்ணன் தம்பிகளுக்குள் யாரிடம் இருப்பது என்ற பேச்சு வந்தால், பெட்டி ஒரே வீட்டில் இருக்கட்டும், படங்களும் ஒலிப்பதிவும் எல்லாரிடமும் இருக்கட்டும்.

கடைசி வேலை, ஒரு தாள் எழுதி உள்ளே வைப்பது. அமிலமற்ற தாள், பென்சில் எழுத்து. மை ஈரத்தில் ஊறும். யாருடையது, எங்கிருந்து வந்தது, சரியான எண்ணிக்கை, எது மாற்றுத் துண்டு, யார் செய்தது, எந்தத் தேதியில் யார் யார் அடுக்கினார்கள் என்று எழுதுங்கள். எங்கள் தாளின் கீழ்ப்பகுதியில் இப்படி இருக்கிறது:

"மொத்தம் 513. வானத்தில் இரண்டு மாற்றுத் துண்டு. ஒன்று தாத்தா செய்தது, ஒன்று நான் செய்தது. படகின் முனை ஈப்போவில் அத்தையிடம் இருக்கிறது. அதைச் செய்ய வேண்டாம்."